பாதி வழியில் இறங்கியவள்

மார்ச் 4

சின்னு,

அக்கா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன? ஆளில்லாத வீட்டில் அடிக்கிற மணி வேறு, ஆள் இருந்துகொண்டே எடுக்காத வீட்டில் அடிக்கிற மணி வேறு. எங்களுக்குக் கேட்டாலே புரிந்துவிடும்.

உன் மகளிடம் பேசினேன். "அம்மா சாப்பிடுறாங்க, தூங்குறாங்க, கடைக்குப் போறாங்க பெரியம்மா. ஆனா யார்கிட்டயும் பேச மாட்டேங்குறாங்க. ஒரு சொட்டு அழலை" என்றாள். இப்போது அவளும் கிளம்பிப் போய்விட்டாளாம். அந்த வீட்டில் நீ மட்டும்தான் என்று நினைத்தாலே எனக்கு என்னவோ போல இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் தவறிப்போன அன்று நான் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எனக்குக் காய்ச்சல், சின்னு. எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். கூடப்பிறந்தவள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்கும்போது வேண்டுமென்றே யாராவது படுத்துக்கிடப்பார்களா, நீயே சொல்.

நம் வீட்டில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். என் மூக்குக்கண்ணாடி அத்தனையும் அவர் செய்துகொடுத்தவை. இதை எழுதும்போதும் ஒன்றைப் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கடிதம் வந்தது.

அன்று காலையில் உன் மகன் போன் செய்தான். "எனக்கு லீவு கிடைக்கலை. அம்மாவை பஸ் ஏத்தி விட்டுட்டேன், மத்தியானத்துக்கு மேல வந்துடுவாங்க" என்றான். என் மகள் அதை எல்லார் முன்னாலும் சொன்னாள். அதனால் உனக்காகக் காத்திருந்தோம். மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. "அக்கா வந்துடட்டும்" என்று நான்தான் சொன்னேன். அன்று நான் வாய் திறந்து சொன்னது அநேகமாக அது ஒன்றுதான். ஒவ்வொரு முறை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவருடைய தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணி, இருட்டிடும்" என்றார். சரி என்றேன்.

பஸ் ஏறியவளுக்கு வீட்டில் எப்படிக் காய்ச்சல் வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அத்தான் இறந்தபோது நான் ஒரு மாதம் உன்னோடு இருந்தேன். சொல்லிக்காட்டவில்லை. நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

எனக்குக் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீ எங்கே இறங்கினாய்?

சின்னு


மார்ச் 27

சின்னு,

பாதி வழியில், டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் இறங்கினேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். சிறுநீர் என்று எழுதிப் பார்த்தேன், மூத்திரம் என்று எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் பேனா கூசுகிறது. உன்னிடம் சொல்வதற்கே இப்படி.

எனக்கு அடக்க முடிவதில்லை, சின்னு. நாலு வருஷமாக. முதலில் இருமினால், தும்மினால் கொஞ்சம் கசியும். வயதானால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அவசரம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. வெளியே போய்விட்டு வந்து கதவில் சாவியைப் போடும்போது வரும். அந்த நொடி வரைக்கும் ஒன்றும் இருக்காது. சாவி திரும்புவதற்குள் கால் வழியாக இறங்கிவிடும்.

அதற்கு ஏற்ற மாதிரி வாழப் பழகிக்கொண்டேன். எந்தக் கடையில் பாத்ரூம் இருக்கிறது, எந்தக் கடைக்காரன் முகம் சுளிக்காமல் சாவி தருவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் தவிர வேறு நிறத்தில் எனக்குத் துணியே கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் உட்கார மாட்டேன், மர நாற்காலிதான். "அத்தைக்கு முதுகு வலி" என்று மருமகள் எனக்காகப் பரிந்து பேசுவாள். சாயங்காலம் என்னோடு நடக்க வருகிற சிநேகிதிகளை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டேன். அவர்கள் சிரிப்பு மூட்டுவார்கள். சிரித்தால் போச்சு.

அன்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பேட் வைத்துக்கொண்டேன். அதன் மேல் ஒரு மடிப்புத் துணியும். பையில் மாற்று உடை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எழுந்து போக முடியாது என்று நடைவழிப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் போயிருக்கும். வந்துவிட்டது. டிரைவரிடம் போய் நின்றேன்.

"தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"இங்க எங்கம்மா நிறுத்த? டீக்கு நிக்கும், அங்க போய்க்கலாம். உட்காருங்க, விழுந்துடப் போறீங்க."

உட்கார முடியாது, சின்னு. உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வந்துவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். பேட், துணி, எதுவும் தாங்கவில்லை. பின்னால் ஒரு பெண் தன் பையைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பையைத் தூக்கினாள், அவ்வளவுதான்.

டீக்கு நின்ற இடத்தில் கழிப்பறையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மாற்றுத் துணி இருந்தது, ஆனால் கழுவத் தண்ணீர் இல்லை. வெளியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏறுங்கம்மா, நேரமாச்சு" என்றார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன்.

துக்க வீட்டுக்குள் அந்த வாடையோடு நுழைவதை நினைத்துப் பார்த்தேன். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டுமே. எப்படிக் கட்டிக்கொள்வது?

திரும்பி வந்த பஸ்ஸில் இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். மகனிடம் வாந்தி, காய்ச்சல் என்றேன்.

நீ மூன்று மணிக்கு மேலும் காத்திருந்தாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

படித்தேன். மறுநாள் இன்னொரு முறை படித்தேன். இரக்கம் வர வேண்டும், கோபம் வர வேண்டும், இரண்டில் ஒன்றாவது வர வேண்டும் என்று தெரிகிறது. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதைப் போல இருக்கிறது. கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை.

நான் வேலை பார்த்தது எங்கே என்று உனக்கு மறந்துவிட்டதா? ரத்தம், மூத்திரம், சளி என்று பரிசோதனைக் கூடத்தில் தலை நரைத்தவள் நான். என் மேஜையில் நாள் முழுக்க வரிசையாக நின்றது என்ன, ரோஜாப்பூவா? பெரிய பெரிய ஆட்கள் அந்தச் சின்ன பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். வாங்கி, பேர் எழுதி ஒட்டி, அடுத்தவரைக் கூப்பிடுவேன். ஊரில் எல்லாரும் என்னிடம் கொடுத்தார்கள். நீ மட்டும் நாலு வருஷம் மறைத்தாய்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேட்கவில்லையோ? கேட்டதாக நினைத்துக்கொண்டேன். அவருடைய கண்ணாடிக் கடையைத் திறந்து வைக்கிறேன். அவர் செய்து முடித்த கண்ணாடிகள் உறையில் போட்டு வாடிக்கையாளர் பேரோடு இருக்கின்றன. வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். புது வேலை எடுப்பதில்லை. ஆனாலும் உள்ளே வந்து பிரேமைப் போட்டுப் பார்க்கிறார்கள். "எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். நல்லாயிருக்கு என்கிறேன். நேற்று ஒரு பெண், "நீங்க பார்க்கவே இல்லையே" என்றாள். உண்மைதான். பார்க்கவில்லை.

நீ டாக்டரிடம் போ. மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்றால் தனியாகப் போ. சோதனைக்குக் கேட்டால் கொடு, கைக்குட்டையில் சுற்றாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. உன் வெட்கத்தை எழுத வேண்டாம். டாக்டர் சொன்னதை மட்டும் எழுது.

சின்னு


ஏப்ரல் 24

சின்னு,

போனேன். மருமகளிடம் கண் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏன் கண் என்று சொன்னேனோ தெரியவில்லை, வாயில் வந்தது.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் என் வயதுதான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்குக் குறி வைத்திருந்தோம்.

டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது, எனக்கு மகள் இருந்திருந்தால்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"நாலு."

"நாலு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"வயசானா இப்படித்தானேன்னு…"

"வயசானா முடியும்தான் நரைக்குது. அதுக்கு மட்டும் மை போட்டிருக்கீங்க?"

என் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். நிறையப் பேருக்கு இருக்கிறதாம், முக்கால்வாசிப் பேர் சொல்வதே இல்லையாம்.

சோதித்தாள். படுக்கச் சொல்லி இருமச் சொன்னாள். நாலு வருஷமாக இருமலுக்குப் பயந்து செத்தவளை மெனக்கெட்டு இருமச் சொல்கிறாள். இருமினேன். ஆனது. அவள் பாட்டுக்குத் துடைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். நீ சொன்ன மாதிரிதான், ரோஜாப்பூ இல்லை, ஆனால் உலகமும் இடிந்து விழவில்லை. சோதனையில் கிருமி இல்லை, சர்க்கரை இல்லை.

எனக்கு இரண்டு வகையும் சேர்ந்து இருக்கிறதாம். இருமினால் கசிவது ஒன்று, அதற்குத் தசை தளர்ந்துபோனது காரணம். திடீரென்று முட்டிக்கொண்டு வருவது இன்னொன்று, அது சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அவசரப்படுவதால். "ஆபரேஷனா?" என்று கேட்டேன். "இப்ப அதைப் பத்திப் பேச்சே வேண்டாம். செய்ய வேண்டிய மத்த எதையும் நீங்க இன்னும் செஞ்சே பார்க்கலையே" என்றாள்.

ரத்த அழுத்தத்துக்கு நான் போடுகிற மாத்திரை நீரைப் பிரிக்கிற மாத்திரையாம். அதைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தேன். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போனில் பேசி, காலைக்கு மாற்றிவிட்டாள். டீயைக் குறைக்கச் சொன்னாள். நான் தண்ணீரைக் குறைத்தேன் என்றதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்துமாம், மலச்சிக்கல் வேறு வந்து அதையும் நெருக்குமாம். இத்தனை நாள் நெருப்பை அணைக்கிறேன் என்று எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

அவசரத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறதாம். ஆனால் அந்த வகையில் சில, வயதானவர்களுக்கு வாயை உலர்த்தும், ஞாபகத்தையும் கலக்கும் என்றாள். "முதல்ல பயிற்சி. அதுல சரிவரலைன்னா அப்புறம் யோசிப்போம்" என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பியிருக்கிறாள். அடுத்த வாரம் போக வேண்டும்.

"முழுக்க நின்னுடுமா டாக்டர்?"

"சத்தியம் பண்ண மாட்டேன். இப்ப இருக்கிறதை விட நிச்சயம் நல்லாயிருப்பீங்க. ஆனா மூணு மாசம் பொறுமை வேணும்."

வெட்கத்தை எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. வெளியே வந்து மர நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா


மே 6

அக்கா,

டாக்டர் சொன்னது சரி. தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காதே, பகல் முழுக்கப் பிரித்துக் குடி. படுக்கப் போகும் நேரத்தில் குறைத்துக்கொள்.

சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

மகள் போனில், கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். சரி என்றேன். மறுநாள் எப்போது வருகிறாய் என்று கேட்டாள். எங்கே என்று கேட்டேன். அவள் அழுதாள். அவளுக்கு எளிதாக அழ வருகிறது, அவர் பக்கத்துச் சுபாவம். போனில் எல்லாரும் அழுகிறார்கள், அதனால்தான் எடுப்பதில்லை.

பயிற்சியை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று விவரமாக எழுது.

சின்னு


மே 23

சின்னு,

விவரமாகவே எழுதுகிறேன், உனக்குச் சிரிப்பு வந்தால் நல்லது.

பிசியோதெரபிஸ்ட் வாட்டசாட்டமான பெண். உட்காரவைத்து, "அடியில ஒரு ஊஞ்சல் கட்டின மாதிரி தசை இருக்கும்மா. அதை மேல தூக்கணும். நாலு பேர் நடுவுல வாயு வந்தா எப்படி அடக்குவீங்க, அந்த மாதிரி" என்றாள். தொலைபேசி நிலையத்தில் பன்னிரண்டு பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த இடம், அதில் எனக்கு நல்ல அனுபவம். ஆனால் செய்யப் போனால் பல்லைக் கடிக்கிறேன், மூச்சைப் பிடிக்கிறேன், பின்பக்கம் முழுவதையும் இறுக்குகிறேன்.

"முகத்தை விடுங்கம்மா. முகத்துல ஒண்ணும் ஒழுகலை."

அப்புறம் பிடிபட்டது. இறுக்கி, கொஞ்ச நேரம் பிடித்து, அதே அளவு நேரம் தளரவிட வேண்டும். தளரவிடுவதும் பயிற்சிதானாம், அதை யாரும் செய்வதில்லையாம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது என்று தனியாகச் சொன்னாள். காலை, மதியம், சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்கிறேன். மருமகள் கடந்து போகும்போது "என்ன அத்தை, பலமா யோசனை?" என்கிறாள். என்னவென்று சொல்வது?

அவசரத்துக்கு வேறு வித்தை. வந்ததும் ஓடக் கூடாது. ஓடினால்தான் கொட்டுமாம். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் உட்கார வேண்டும். அந்தத் தசையைச் சட்டுச் சட்டென்று சில முறை இறுக்க வேண்டும். மனதை வேறு எதிலாவது போட வேண்டும். அலை மாதிரி ஏறி இறங்குமாம். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போக வேண்டும். கதவில் சாவி போடும்போது வருவது எனக்கு மட்டும் இல்லையாம். பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்களாம். கதவு முன்னால் நின்று பதினேழாம் வாய்ப்பாடு சொல்கிறேன். அடுத்த வீட்டுக்காரர் நேற்று, "சாவி சேரலையாம்மா?" என்று உதவிக்கு வந்துவிட்டார்.

எல்லாம் எழுதிவிட்டேன். உண்மையையும் எழுதுகிறேன். ஒரு மாதம் ஆகப்போகிறது. ஒன்றும் மாறவில்லை. முந்தாநாள் மளிகைக் கடை வரிசையிலேயே ஆகிவிட்டது. சாமானை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு எழுபத்தொன்று. இந்த வயதில் இனி எந்தத் தசை எழுந்து நிற்கப் போகிறது? நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டோடு இருந்துகொண்டால் போயிற்று.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நிறுத்தாதே.

தசை வயதைப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் என்று அந்த டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். ஒரு மாதத்தில் முளைத்ததா என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கிறாய். மளிகைக் கடைக்கு நாளைக்கே போ, அதே வரிசையில் நில்.

நீ எழுதியபடி நானும் செய்து பார்த்தேன். கடையில் வேறு வேலை இல்லை. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லைதான். ஆனாலும் செய்கிறேன். எதையாவது இறுக்க முடிகிறது, விட முடிகிறது என்பது தெரிகிறது.

அவர் போனது எப்படி என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். எழுதிவிடுகிறேன்.

கடையில்தான். நான் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரின் கண்ணாடிக்குக் காதுப்பிடியை வளைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாது. கண்ணாடியோ இவர் கையில் இருக்கிறது. இவர் மேஜை மேல் சாய்ந்தது அவருக்குத் தெரியவில்லை. ஏதோ தேடுகிறார் என்று நினைத்தாராம். "ஆயிடுச்சா? ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்டது. வியாபாரப் பேச்சு என்று நினைத்து டீயை வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெரியவர் போன வாரம் வந்தார். அவர் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "அம்மா, எனக்குத் தெரியலைம்மா" என்றார். பரவாயில்லை என்றேன். ஒரு பக்கம் காதுப்பிடி சரியாக வளையவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு போனார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கோ நடந்ததை எழுதுகிற மாதிரி இருக்கிறது.

பயிற்சியை விடாதே.

சின்னு


ஜூலை 19

சின்னு,

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். இப்போதும் தெரியவில்லை. பயிற்சியை விடவில்லை. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பதில் அது ஒன்றுதான்.

மாற்றம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. மளிகைக் கடை வரிசையில் நின்று, சாமானை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, அடுக்கி வைத்த பிறகுதான் உறைத்தது, நடுவில் நான் பயப்படவே இல்லை என்று. அவசரம் வருகிறது. நிற்கிறேன். இறங்குகிறது. சில நாள் தோற்றும் போகிறேன். பலமாகத் தும்மினால் இன்னும் கசிகிறது. ஆனால் வாளியில் ஊறிக்கொண்டிருந்த துணியெல்லாம் குறைந்துவிட்டது. மெல்லிய பேட் ஒன்று போதுமாக இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாம். இதையே வாழ்நாளுக்கும் விடாதீங்க" என்றாள்.

மருமகளிடமும் சொல்லிவிட்டேன். "இதையா அத்தை இவ்வளவு நாளா மறைச்சீங்க? நான் உங்களுக்கு முதுகுவலின்னு எத்தனை தலையணை வாங்கினேன்!" என்றாள். என்னைவிட அவளுக்குத் தலையணைகளைப் பற்றித்தான் வருத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். சும்மாதான். உட்கார்ந்துகொண்டே போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் உன் இஷ்டம் என்று எழுதுவாய்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மகன் சொன்னான். போனை எடுத்தேன் என்பதைக் கவனித்துக்கொள்.

நீ வந்தாய். பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாய். என்னைப் பார்த்ததும் நீ முதலில் கேட்டது, "பாத்ரூம் எங்க இருக்கு?" காட்டினேன். பையை வாங்கிக்கொண்டு வெளியே நின்றேன். வந்தாய். "ஒண்ணும் ஆகலைடி" என்றாய். அப்புறம் கட்டிக்கொண்டாய். நான் சும்மா நின்றேன். உன் தோளுக்கு மேல் பஸ்ஸின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கடையில் என்னோடு உட்கார்ந்திருந்தாய். பிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாய். அவரைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு தடவை தூசியில் தும்மினாய். எழுந்து உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, "கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிரேமை எடுத்தாய். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை உன்னைப் பஸ் ஏற்றினேன். கை காட்டினேன். வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். அது பாதியில் மாட்டிக்கொண்டது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினேன். அப்போது வந்தது, அக்கா. கோபம். ஷட்டர் மேல் இல்லை. உன் மேல். நடுரோட்டில் நின்று, வாய்விட்டு, "பாதி வழியில எதுக்குடி இறங்கினே?" என்று கத்தினேன். அக்காவை 'டி' போட்டுக் கத்தினேன். எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

எதுக்கு இறங்கினாய்? வாடையோடு எப்படி நுழைவது என்று எழுதியிருந்தாயே. அன்று அந்த வீட்டில் உன் துணியை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தோடு வந்திருக்கலாம். வாசலில் நின்று "சின்னு" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், வாளியில் தண்ணீர் பிடித்து, உன்னைக் கழுவிவிட்டு, என் துணி ஒன்றை எடுத்து உடுத்திவிட்டிருப்பேன். எனக்குத் தெரிந்த வேலை அது. அன்று எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, அக்கா. ஒரு வேலையும் இல்லை. எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உனக்காகவாவது எழுந்திருப்பேன்.

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யார் யாரோ வந்து பார்த்தார்கள். ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அவரை நினைத்து அழுதேன், அப்புறம் உன்னை நினைத்து அழுதேன், அந்தச் சிமெண்ட் பெஞ்சில் நீ தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்து. அழுது முடித்த பிறகும் கோபம் போகவில்லை. இப்போதும் இருக்கிறது. நன்றாகப் பசிக்கிறது வேறு.

இதைக் கடிதத்தில் சொல்லித் தீராது. பத்து நாளாவது இருக்கிற மாதிரி வா. உன்னை நேரில் வைத்துத் திட்ட வேண்டும்.

சின்னு